காலி வண்டியில் போனவர்கள்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால், நாலு என்ன, நாற்பது சொல்வேன். அத்தனையும் உண்மையாக இருக்கும். அதனால்தான் அவர்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம். கெட்டவன் ஒருவன் கெடுத்திருந்தால் வாயாரத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

அவர் பஸ் டெப்போவில் அட்டவணை குமாஸ்தா. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், டிரைவர் எப்போது டீ குடிக்கலாம் என்பதெல்லாம் அவர் பென்சில் முனையில் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் கட்டம் போட்ட பெரிய தாளில் வரைந்துவிட்டுத்தான் தட்டச்சு செய்யக் கொடுப்பார். டிரைவர்கள் ஒரு நிமிஷம் கூடுதலாகக் கேட்டு வந்தால், சொத்தில் பங்கு கேட்டது மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். டெப்போவில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே 'நிமிஷம் சார்' என்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். நான் அதே டெப்போவில் டிக்கெட் பிரிவு. இருபத்திரண்டு வருஷம் அடுத்தடுத்த அறை, நடுவில் கதவில்லாத ஒரு வாசல். ஆபீஸில் அவர் எனக்கு சார், வீட்டில் அத்தான்.

இவ்வளவு கறாரான மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு திருட்டு வேலை செய்தார். அது அக்காவுக்காக.

எங்கள் டெப்போ ஊரின் வடக்கு ஓரத்தில் இருந்தது. காலையில் நாற்பத்திரண்டு வண்டிகள் அங்கிருந்து கிளம்பி, பதினோரு கிலோமீட்டர் காலியாக ஓடி, ஊர் நடுவில் இருக்கும் பெரிய ஸ்டாண்டுக்குப் போகும். அங்கேதான் கண்டக்டர் ஏறுவார், டிக்கெட் போடுவது தொடங்கும். ராத்திரி திரும்பவும் அதே மாதிரி காலியாக வரும். ஆபீஸ் தாளில் அதற்கு 'டெட் கிலோமீட்டர்' என்று பெயர், நாங்கள் காலி வண்டி என்போம். காலி வண்டியில் ஆள் ஏற்றுவது எங்கள் இலாகாவில் பெரிய குற்றம். ஒரு டிரைவர் அதற்காகப் பாதி பென்ஷனை இழந்த கதையைப் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

டெப்போவுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டைவிடத் தாழ்வான இடத்தில், முன்னூறு வீடுகள். பள்ளம் என்போம். வாடகை குறைவு என்பதால் ஊருக்குள் துவைக்கிற, பெருக்குகிற, சமைக்கிற பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் குடியிருந்தார்கள். அக்காவும் அத்தானும் கல்யாணமாகி அங்கேதான் போனார்கள். அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. ஷிப்ட் காலை ஐந்தரைக்கு. பள்ளத்துக்கு வருகிற முதல் பஸ் ஆறு நாற்பதுக்கு. மூன்று மாதம் அக்கா பால் லாரியில், கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் லாரி பிரேக் போட்டதில் முழங்கையில் அடிபட்டு வந்தாள்.

மறுவாரம் நாலு ஐம்பது காலி வண்டியின் அட்டவணையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. 'பள்ளம் டிரான்ஸ்பார்மர் அருகில்: டயர் சோதனை, ஒரு நிமிடம்.' டெப்போவை விட்டு வந்து ஒரு கிலோமீட்டரில் என்ன டயர் சோதனை என்று யாரும் கேட்கவில்லை. நிமிஷம் சார் ஒரு நிமிஷத்தைச் சும்மா கொடுப்பார் என்று யாருக்கும் சந்தேகம்கூட வராது. டிரைவர் வண்டியை நிறுத்துவார், டயரைக் காலால் ஒரு தட்டு தட்டுவார், அக்கா பின்படியில் ஏறிக்கொள்வாள்.

முதலில் அக்கா ஒருத்தி. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்மணி, அவள் நாத்தனார், நாத்தனாரோடு வேலை செய்கிறவள். அந்த ஆட்களைத் தள்ளிவிட அத்தானுக்கு மனசு வரவில்லை. ஐந்து மணி வண்டிக்கும் ஐந்து பத்து வண்டிக்கும் டயர் சோதனை வந்தது. பத்தொன்பதாவது வருஷத்தில் தினமும் நூற்றுப் பதினெட்டுப் பேர் போனார்கள். எனக்கு எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், அக்கா எல்லாரையும் பேர் பேராகக் கணக்கு வைத்திருந்தாள், யாராவது வராவிட்டால் விசாரிப்பாள். கண்டக்டர் இல்லாததால் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாததால் அந்தக் காலைப் பயணம் எந்தத் தாளிலும் இல்லை. மத்தியானம் திரும்புவது மட்டும் சாதாரண பஸ்ஸில், டிக்கெட் எடுத்து. பள்ளத்தில் அத்தான் தெருவில் நடந்தால் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். எங்கள் அக்காவும் அந்த நாட்களில் அவரைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பேசுவாள்.

பிறகு திட்டம் வந்தது.

ஊர் விடுகிற புகைக்கும் ஊர் ஈடுகட்டுகிற புகைக்கும் நேர் செய்து, இன்ன வருஷத்துக்குள் நிகரக் கணக்கைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவதாக மாநகராட்சி கையெழுத்துப் போட்டிருந்தது. அதற்கு நிலம் எப்படி, போக்குவரத்து எப்படி என்று புதிதாக வரைய ஒரு குழு. எங்கள் டெப்போவுக்கு அதிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். சைக்கிளில் வருவாள், செருப்பெல்லாம் புழுதி. மேஜை கிடைக்காவிட்டால் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து எழுதுவாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

முதல் கூட்டத்தில் அவள் சொன்னாள். "வீடு எங்க இருக்கு, வேலை எங்க இருக்கு, பஸ் எங்க நிக்குது, இந்த மூணையும் ஒரே படத்துல வெச்சுப் பாக்காம புகையைக் குறைக்க முடியாதுங்க. இத்தனை வருஷம் மூணையும் மூணு ஆபீஸ் தனித்தனியா வரைஞ்சிருக்கு."

தலையாட்ட வேண்டிய பேச்சுதான், ஆட்டினோம். காலி வண்டிக் கணக்கைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்திரண்டு வண்டி, போக பதினொன்று, வரப் பதினொன்று. தினமும் தொள்ளாயிரத்து இருபத்து நாலு கிலோமீட்டர் ஆளே இல்லாமல் டீசல் எரிகிறது. அவள் யோசனை இது: பெரிய ஸ்டாண்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பழைய சரக்கு யார்டில் மின்சார பஸ்களுக்குப் புது டெப்போ. எங்கள் பழைய டெப்போ நிலத்தில், வரப்போகிற ரயில் நிலையத்தை ஒட்டி அடுக்குமாடி வீடுகள், கார் இல்லாமலே வாழலாம். இதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? நானே வரைந்திருந்தாலும் அப்படித்தான் வரைந்திருப்பேன். பிற்பாடு அந்த அடுக்குமாடிகளுக்குக் கீழே இரண்டு தளம் கார் நிறுத்த இடம் தோண்டியது அவள் வேலை இல்லை. ரயில் இன்றைக்கு வரை வராததும் அவள் வேலை இல்லை.

டிக்கெட் விவரம் முழுவதும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல டெப்போ ஸ்டாப்புக்கு நூத்துப் பத்து, நூத்து இருபது டிக்கெட் விழுது. தினமும். ஆனா காலையில அந்தப் பக்கத்துலேருந்து ஊருக்குள்ள போறது பதினோரு பேருதான். நூறு பேர் தினமும் வர்றாங்க, யாரும் போகலை. அது எப்படி? போகாம எப்படித் திரும்பி வருவாங்க?"

எவ்வளவு சரியாகப் பிடித்திருந்தாள் பாருங்கள். இலாகாவில் பத்தொன்பது வருஷமாக எந்த இன்ஸ்பெக்டருக்கும் தோன்றாத கேள்வி. பதில் என் வாய் நுனி வரை வந்தது. ஆனால் ரகசியம் என்னுடையது இல்லையே என்று ஒரு சாக்கு கிடைத்தது. "அட்டவணை சாரைக் கேளுங்க" என்று வாசலைக் காட்டினேன். என் பங்குக் கோழைத்தனம் அது. எழுதும்போது மறைக்க விருப்பமில்லை.

அத்தான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டெப்போ ஆளுங்கம்மா. ஷிப்ட் மாத்த வர்றவங்க."

"டெப்போ ஆளுங்களுக்குப் பாஸ் இருக்கே சார். டிக்கெட் எதுக்கு எடுக்குறாங்க?"

"அவங்க வீட்டு ஆளுங்களா இருக்கும்."

"அப்ப காலையில எதுல போறாங்க?"

"லாரி, ஸ்கூட்டர். யாரு கண்டா."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். காலி வண்டியில யாரும் ஏறுறதில்லையே?"

"இல்லம்மா."

பத்தொன்பது வருஷப் பழக்கம். தொப்பி போட்ட எந்த அதிகாரி கேட்டாலும் அதே வேகத்தில் அதே 'இல்ல'. இந்தப் பெண் பிடிக்க வரவில்லை, கொடுக்க வந்திருக்கிறாள் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. முப்பது வருஷ சர்வீஸ் உள்ள ஆள் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள். தாளின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வரைவுத் திட்டம் நான்கு மாதத்தில் வெளியானது. நோட்டீஸ் பலகையில் ஊரின் படத்தை ஒட்டினார்கள். பயணத் தேவை அதிகமுள்ள இடங்கள் அடர் நிறத்தில், குறைந்த இடங்கள் வெளிர் நிறத்தில். பள்ளம் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. கீழே அட்டவணையில், பள்ளத்துக்குச் சின்ன பஸ், முதல் வண்டி காலை ஏழே காலுக்கு. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு அறைக்குப் போய் உட்கார்ந்தார். அன்று முழுவதும் ஒரு கோடு வரையவில்லை.

ஆட்சேபம் சொல்ல ஒரு பொது விசாரணை உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் சாயந்தரம் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மடித்துவிட்டு வந்தும் கை நிற்காது.

"நான் போய்ப் பேசப் போறேன்," என்றாள். "முப்பது பேரு லீவு போட்டுட்டு வர்றாங்க."

"பேசு. ஆனா டெப்போ வண்டின்னு சொல்லாத," என்றார் அத்தான்.

"வேற எதுல போறோம்னு சொல்லட்டும்? பறந்தா?"

"ஏழு டிரைவர் இன்னும் சர்வீஸ்ல இருக்காங்க. எல்லார் தலையிலயும் கை வெச்சிடுவாங்க. கொஞ்சம் யோசி."

அக்கா மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "யோசிச்சேன். வண்டிய நிறுத்தச் சொல்லி எழுதினது யாரு? நீங்க. டிரைவருங்க தாள்ல இருந்தபடி நின்னாங்க. நான்தான் எழுதினேன், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க எழுந்து சொன்னா, அவங்க மேல எப்படிக் கை வைப்பாங்க?"

சலவைக்காரி சட்டம் படிக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எந்த வக்கீலாலும் முடிந்திருக்காது. அத்தானுக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதம்தான் அறையில் எங்கள் மூவரோடும் நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. யாரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"பாக்கலாம்," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த 'பாக்கலாம்' அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இத்தனை வருஷமாக அவர் பார்க்கலாம் என்று சொன்னது எதையும் பார்க்காமல் விட்டதில்லை.

விசாரணை மாநகராட்சிக் கூடத்தில் நடந்தது. மேடையில் தலைமை அதிகாரி, பக்கத்தில் அந்தத் திட்டப் பெண். இடதுபுற மேஜையில் எங்கள் இலாகா சார்பில் அத்தான், முன்னால் அட்டவணைக் கட்டு. நான் அவருக்குப் பின்வரிசை. பள்ளத்துப் பெண்கள் மூன்று வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன் பேசியவர்கள் எல்லாம் கார் நிறுத்த இடம் போதாது என்றே பேசினார்கள்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். யார் மனைவி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

"நாங்க நூத்துப் பதினெட்டுப் பேருங்க. காலையில நாலு அம்பது, அஞ்சு, அஞ்சு பத்து, இந்த மூணு டெப்போ வண்டியிலதான் வேலைக்குப் போறோம். பத்தொன்பது வருஷமா போறோம். ஏழேகாலுக்கு வண்டி விட்டா எங்களுக்கு வேலை இருக்காது. ஒரே ஒரு வண்டி, அஞ்சு மணிக்கு விடுங்க. டிக்கெட் எடுத்துக்குறோம்."

திட்டப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நூறு பேர் அவளுக்குக் கிடைத்துவிட்டார்கள். முகத்திலேயே தெரிந்தது. அவள் அதிகாரியிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அதிகாரி எங்கள் மேஜைப் பக்கம் திரும்பினார்.

"இலாகா என்ன சொல்லுது? காலி ஓட்டத்துல பயணிகள் போறாங்களா?"

அத்தான் எழுந்தார். நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன். அக்கா மைக்கை விடாமல் நின்றிருந்தாள். அவர் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார் என்று நானும் நினைத்தேன், கடவுள் சத்தியமாக நினைத்தேன்.

"காலி ஓட்டத்துல பயணிகளை ஏத்துறதில்லைங்க," என்றார். "விதிப்படி அனுமதி இல்லை."

"அப்ப இவங்க சொல்றது?"

"ஆதாரம் எதுவும் எங்க கிட்ட இல்லைங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். 'கூற்றுக்கு ஆதாரமில்லை.' பின்வரிசையில் ஒருத்தி உரக்கச் சிரித்துவிட்டாள், அழுகை வராத இடத்தில் வரும் சிரிப்பு. அக்கா மைக்கை அதன் இடத்தில் சரியாக வைத்துவிட்டு, வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். அவரை அவள் பார்க்கவே இல்லை. திட்டப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

அன்று மாலை அக்கா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நூறு பேரு முன்னால நான் பொய்க்காரின்னு எழுதிக்கிட்டாங்கடி." அவரிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் வீடு தப்பித்திருக்கும்.

அத்தான் மூன்று மாதம் கழித்து முழுப் பென்ஷனோடு ஓய்வு பெற்றார். ஏழு டிரைவர்கள் மேலும் ஒரு கீறல் விழவில்லை. பிரிவுபசார விழாவில் டிரைவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஒருவர் காலிலேயே விழப் போனார். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதைவிடக் குரூரமான கிண்டல் யாருக்கும் வேண்டுமென்றே தோன்றியிருக்காது. அக்கா அன்று டியூட்டி என்று சொல்லி வரவில்லை.

டெப்போ இடம் மாறிய திங்கட்கிழமை, சொல்லியும்கூட முப்பது நாற்பது பெண்கள் டிரான்ஸ்பார்மர் அருகில் வந்து நின்றார்களாம். பத்தொன்பது வருஷக் கால்கள், தானாக வந்துவிட்டன. அதற்கப்புறம் ஒருவன் பழைய டீசல் வேன் ஒன்றைக் கொண்டுவந்தான். பதினைந்து பேர் உட்கார வேண்டிய வேனில் முப்பது பேர். கிளம்பினால் தெருவே கறுப்பாகும். சில வீடுகளில் ஸ்கூட்டர் வாங்கினார்கள், சிலர் வேலையை விட்டார்கள். எங்கள் இலாகாவின் புகை அந்த வருஷம் பாதியாகக் குறைந்தது. வேன் புகை எங்கள் இலாகா புகை இல்லையே, அது எந்தப் படத்திலும் வராது.

அக்கா வேனில் இரண்டு வாரம் போனாள். இரண்டு முறை தாமதம், ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் ஏழு கட்டில் போட்ட ஒரு மாடி அறை. அதில் ஒரு கட்டிலை எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது அத்தான் பையைத் தூக்க வந்தார்.

"இருக்கட்டும்," என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வந்துடுவேல்ல?"

"பாக்கலாம்," என்றாள் அக்கா.

முதலில் வாராவாரம் வந்தாள். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு அவர் போய்ப் பார்க்கத் தொடங்கினார். ஆண்களை மாடிக்கு விடமாட்டார்கள் என்பதால் சந்து முனையில் நின்று பேசுவார்கள். பெரும்பாலும் மாத்திரை சாப்பிட்டாயா என்ற பேச்சாகத்தான் இருக்கும்.

ஒரு வருஷம் கழித்துத் திட்டப் பெண் புது டெப்போவில் என் மேஜைக்கு வந்தாள். அதே மாதிரி தாள். "இப்ப ரெண்டு பக்கமும் சரியாயிடுச்சு மேடம். காலையில யாரும் போகலை, மத்தியானம் யாரும் வரலை. அந்த நூறு பேர் விசாரணைக்கு வந்தவங்கதானான்னு கடைசி வரைக்கும் உறுதியாத் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டயர் சோதனை, பால் லாரி, மைக்கைப் பிடித்தவள் யார், மறுத்தவர் யார். சொல்லி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "நான் கேட்டேனே மேடம்," என்றாள். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு மணிக்கு வண்டி போட்டிருப்பேனே. காலி ஓட்டத்தை நிறுத்துறதுதான் நோக்கம், ஆளுங்களை இல்ல." அடுத்த திருத்தம் எப்போது என்று கேட்டேன். இன்னும் நாலு வருஷம் என்றாள். அக்காவுக்கு ஓய்வு பெற இருப்பது மூன்று. அதை அவளிடம் சொல்லி மேலும் நோகடிக்கவில்லை.

அதே மாதம் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள். புதன்கிழமை அக்காவைப் பார்க்கப் போனபோது, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையைச் சொன்னாள்.

"ஒரு பொண்ணு வந்துச்சு. வேலைக்கு எதுல போறீங்கன்னு கேட்டுச்சு. நடந்து, நாலு நிமிஷம்னு சொன்னேன். அதுக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா ஊருல புகையே இருக்காதுங்குது. ஏன் இங்க குடி வந்தீங்கன்னு கேட்டுச்சு. அதுக்கு மூணு பதில் அச்சடிச்சு வெச்சிருக்காங்க. வேலைக்குப் பக்கம், வாடகை கம்மி, சொந்தக்காரங்க பக்கம். மூணுல ஒண்ணு சொல்லணுமாம்."

"என்ன சொன்ன?"

"வேலைக்குப் பக்கம். வேற என்ன சொல்றது. அப்புறம் வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டுச்சு. ஒண்ணுன்னேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, வேடிக்கை இல்லை. யோசித்துச் சொன்ன பதில் மாதிரியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தானைப் பார்க்கப் போனேன். வீடு சுத்தமாக இருந்தது, ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. அங்கேயும் சர்வே பெண் வந்து போயிருந்தாள்.

"வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டாங்க. ரெண்டுன்னு சொன்னேன்," என்றார். "ஒருத்தங்க வெளிய வேலைக்குப் போயிருக்காங்கன்னும் சொன்னேன்." பிறகு, ரொம்ப சாதாரணமாகக் கேட்பது போல, "அவகிட்டயும் கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னாளாம்?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் மழுப்பி மழுப்பித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம்.

"ஒண்ணுன்னு சொன்னா அத்தான்."

"அந்த ரூம்ல ஏழு பேரு இருக்காங்களே," என்றார். "ஏழுன்னுதானே சொல்லியிருக்கணும்?"

"ரூம்ல எத்தனை பேருன்னு கேக்கல. வீட்டுலன்னுதான் கேட்டாங்க."

எழுந்து போய், சர்வே பெண் விட்டுப் போன அடையாளச் சீட்டைக் கொண்டுவந்தார். அதில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். வீட்டு எண்ணைச் சொன்னார், தெருவைச் சொன்னார். "செவ்வாய்க்கிழமை ஒரு தப்பான தகவல் கொடுத்துட்டேம்மா, திருத்தணும்," என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா. ரெண்டு இல்ல. ஒண்ணு," என்றார்.

திருத்தியதற்கு அந்தப் பக்கம் பேசிய பெண் நன்றி சொன்னாளாம்.